கொட்டிய வண்ணமல்ல

எக்ஸ்பிரஷனிச நிலக்காட்சி என்றதும் நம்மிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. ஓவியருக்குள் ஏதோ பொங்கியது, மனதில் இருந்ததை அப்படியே கொட்டினார், வானம் சிவந்தது, மலை நீலமானது. பயிலரங்குகளில் பிள்ளைகளிடமும் "யோசிக்காதே, மனசுல வர்றதைப் போடு" என்கிறோம். இந்தக் கதை பொய். கைகளின் உழைப்பை மறைக்கும் பொய் என்பதால் எனக்கு இதன்மேல் கோபமே உண்டு.

எட்வர்ட் மூங்கின் 'அலறல்' வானத்தைத்தான் எல்லோரும் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தச் செவ்வானம் 1892லேயே 'விரக்தி' படத்தில் வந்துவிட்டது. 1893இல் 'அலறல்', 1894இல் 'பதற்றம்'. 1910 வாக்கில் 'அலறலை' மறுபடி தீட்டினார். ஒரு மாலைநேரத்து ஆவேசம் இத்தனை வருடம் தாங்காது.

முர்னாவுக்கு வருவோம். பவேரிய மலையடிவாரத்துச் சிற்றூர். 1908இல் காப்ரியேலே மூன்ட்டர், காண்டின்ஸ்கி, யாவ்லென்ஸ்கி, வெரெஃப்கின் என்ற ஓவியர்கள் நால்வரும் அங்கே தங்கி வரைந்தார்கள். மூன்ட்டரின் மலைகள் அடர்நீலம். சோகத்தின் நிறம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஆல்ப்ஸிலிருந்து வெப்பக்காற்று இறங்கும் நாட்களில் அந்த மலைகள் வெறுங்கண்ணுக்கே நீலமாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த வட்டாரத்துக்கே 'நீல நாடு' என்று பெயர்.

மூன்ட்டரின் படங்களில் மலையைச் சுற்றி ஓடும் தடித்த கறுப்புக் கோட்டை உறுதிப்படுத்தியது உள்ளூர்க் கண்ணாடி ஓவியம். ஹைன்ரிஷ் ராம்போல்ட் என்ற முர்னாவ் கைவினைஞரிடம் மூன்ட்டர் அதைக் கற்றார். தஞ்சாவூரில் கண்ணாடிப் படம் போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை தெரியும். கண்ணாடியின் பின்பக்கத்தில் தலைகீழ் வரிசையில் வரைய வேண்டும். காகிதத்தில் கடைசியாக வைக்கும் கண்ணின் கருமணியை இங்கே முதலில் வைக்க வேண்டும். முகத்தின் நிறம் அதன்மேல் ஏறிவிட்டால் திருத்த வழியில்லை. பின்னணி கடைசியில்தான். முன்பக்கம் திருப்பினால் இடம் வலமாகியிருக்கும். முழுப்படத்தையும் மனதில் முடித்துவிட்டுத்தான் முதல் கோட்டையே இழுக்க முடியும். இதில் கொட்டுவதற்கு எங்கே இடம்?

இயற்கையைப் பார்த்து அப்படியே வரைவதை விட்டு அதன் சாரத்தைத் தரத் தொடங்கியதாக மூன்ட்டர் நாட்குறிப்பில் எழுதினார். சாரம் தானாக வழியாது, பிழிந்துதான் எடுக்க வேண்டும்.

யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும் புல்வெளியில் சாய்ந்திருப்பதை அவர் வரைந்த படம் ம்யூனிக்கின் லென்பாக்ஹவுஸில் இருக்கிறது. இருவர் முகத்திலும் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. உணர்ச்சியைக் காட்ட வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த நண்பர்களின் சாவகாசம் நமக்கு எட்டுகிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே எவ்வளவு கறுப்பு போதும் என்று மூன்ட்டருக்குத் தெரிந்திருந்தது.