விதைத்தவர் எங்கே?

பிறந்த மண்ணை விட்டுப் புறப்படுகிறவனை வேலி போட்டுத் தடுப்பது ஒரு வழி. அவன் ஊரிலேயே அவனுக்கு ஜீவனோபாயம் தேடித் தருவது மற்றொரு வழி. முதல் வழியில் மிகுந்த பற்றுள்ள ஐக்கிய அமெரிக்கா, 2021 டிசம்பரில் இரண்டாவது வழியையும் பரீட்சித்துப் பார்க்க முன்வந்தது. அதன் சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனமும், அதே காரியத்துக்காக மெக்ஸிகோ ஏற்படுத்தியுள்ள ஸ்தாபனமும் சேர்ந்து, 'வாய்ப்புகளை விதைத்தல்' என்று ஒரு திட்டத்துக்குப் பெயர் சூட்டின.

விதைக்க வேண்டிய நிலம், குவாதமாலா, ஹாண்டுராஸ், எல் ஸால்வடார் என்னும் மூன்று சிறு தேசங்கள். அங்குள்ள ஜனங்கள் டாலர் மோகத்தினால் மட்டுமா வடக்கே நடந்தார்கள்? 2012-13-ல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பீடித்தது. தோட்டக் கூலி போயிற்று. வறண்ட பிரதேசங்களில் மழை பொய்த்து மக்காச்சோளம் கருகியது. 2020 நவம்பரில் ஏட்டா, அயோட்டா என்ற இரண்டு புயல்கள் இரண்டே வாரத்துக்குள் ஹாண்டுராஸைப் புரட்டி எடுத்தன. பட்டணங்களிலோ கொலைகாரக் கும்பல்கள் சிறு கடைக்காரனையும் விடாமல் கப்பம் வசூலித்தன.

மெக்ஸிகோவுக்கு இந்த நோய் புதிதன்று. தன் மக்களையே வடக்கே அனுப்பிப் பழகிய தேசம் அது. பிறகு பிறர் மக்கள் தங்கிச் செல்லும் சத்திரமாகவும் ஆயிற்று. பழமரமும் காட்டு மரமும் நடும் குடியானவனுக்கு மாதாமாதம் பணம், வாலிபர்களுக்கு உபகாரச் சம்பளத்துடன் தொழிற் பயிற்சி என்று 2019 முதல் தன் நாட்டில் நடத்திய ஏற்பாடுகளை அது ஹாண்டுராஸுக்கும் எல் ஸால்வடாருக்கும் கொண்டு சென்றது. அவற்றோடு அமெரிக்காவின் பணமும் நிபுணர்களும் சேர்ந்தால் நல்லதுதானே?

தன் வாசலில் கூட்டம் சேராதிருக்கவே அமெரிக்கா இதைச் செய்தது என்பார்கள். செய்யட்டுமே! சுயநலத்தோடு வெட்டிய கிணற்றிலும் தண்ணீர் ஊறத்தான் செய்யும். நமது ஆட்சேபம் வேறு. காப்பிக் கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம் செல்லும். அமெரிக்க ஜனாதிபதியின் பதவிக் காலமும் நான்கே வருஷம். 2025 ஜனவரி 20-ந் தேதி புதிய ஜனாதிபதி பதவி ஏற்றார். அன்றைக்கே அந்நிய தேச உதவிகளை நிறுத்தி வைக்கும்படி உத்தரவு பிறந்தது. ஜூலை 1-ந் தேதியோடு அந்த ஸ்தாபனத்தின் உதவி வேலைகளே முடிவடைந்தன. மெக்ஸிகோவின் ஸ்தாபனம் இருக்கிறது; கூட நின்ற கூட்டாளியைத்தான் காணோம்.

ஹாண்டுராஸின் தேச வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம். அதன் பெரும் பகுதி அமெரிக்காவிலிருந்தே வருகிறது. கன்றுக்குத் தண்ணீர் நின்ற அதே 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம் ஒன்று, ரொக்கமாகக் கட்டி அனுப்பும் அந்தப் பணத்துக்கும், 2026 முதல், நூற்றுக்கு 1 வீதம் வரி விதித்திருக்கிறது.