மேசையில் நமக்கு இடம் எங்கே?



குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கத் தேசிய அதிகாரசபை இருக்கிறது. 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் அதை அமைத்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. விசாரணையின் நிலையை அறியவும் நட்டஈடு கோரவும் நமக்கு உரிமை உண்டு. சாட்சியை மிரட்டுவது குற்றம். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை சட்டம் ஒன்றுதான்.

ஆனால் பொலிசும் திணைக்களமும் அமைச்சும் மட்டுமே 'பங்குதாரர்' என்றால், அடிபட்டவர் யார்? பருத்தித்துறைக் கரையில் மகனைத் தேடும் தாயும், கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்பிய மகளைப் பிணமாகப் பெற்ற லயத்துத் தாயும் வெறும் கோவை இலக்கங்களா?

புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று பின்வாங்காதீர்கள். சங்கம் கூட வரும். அதிகாரசபையின் மேசையில் பாதிக்கப்பட்டோருக்கு இடம் கிடைக்கும்வரை நாம் ஓயமாட்டோம்!