விசிட்டிங் கார்டில் என்ன போடுவது?

'டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட்' என்று கார்டு அச்சடித்தால் என்ன ஆகும்? கல்யாண ஆல்பத்தில் மாமாவின் வழுக்கையை மறைத்துத் தரச் சொல்லி ஒருவர் வருவார். தேர்தல் பேனர் கேட்டு இன்னொருவர். அட்டைப்படத்துக்கு ஓவியர் தேடும் பதிப்பாளர் மட்டும் வரமாட்டார்.

காரணம், அந்தப் பெயர் கருவியைச் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை. 1990இல் ஃபோட்டோஷாப் வந்தபோது கம்ப்யூட்டரில் வரைவதே தனித் திறமை. இன்று அது சர்வசாதாரணம். எதை வரைகிறீர்கள் என்பதே கேள்வி. கதைக்குப் படம் போடுபவர் இல்லஸ்ட்ரேட்டர். படப்பிடிப்புக்கு முன்பே பாத்திரங்களையும் இடங்களையும் கற்பனை செய்து தருபவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். எடுத்த காட்சிக்குப் பின்னால் இல்லாத கோட்டையைத் தீட்டுபவர் மேட் பெயின்டர். லோகோவும் பாக்கெட்டும் செய்பவர் கிராஃபிக் டிசைனர்.

பெயரை உயர்த்திப் போடுவதும் ஆபத்து. 'ஆர்ட் டைரக்டர்' என்றால் விளம்பர நிறுவனத்தில் ஓர் அர்த்தம். நம் சினிமாவில் அவர் செட் போடுபவர்.

'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஊழியர் வேலைநிமித்தம் வரைந்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ஃப்ரீலான்சர் வரைந்தது, எழுத்து மூலம் கைமாற்றாதவரை, பொதுவாக அவருக்கே. காசு வாங்கி வரைந்த ஓவியமும் உருவப்படமும் விதிவிலக்கு. ஆனால் சட்டம் கார்டைப் பார்க்காது, ஒப்பந்தத்தைத்தான் பார்க்கும். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

குழப்பமா? கடைசியாகக் காசு வந்த பத்து வேலைகளை மேஜைமேல் பரப்புங்கள். எது அதிகமோ, அதுவே உங்கள் பெயர்.