பழி சோயிங்கா மீது, துப்பாக்கி யார் கொடுத்தது?

நைஜீரியப் பல்கலைக்கழகங்களில் ரகசியக் கும்பல்களால் மாணவர்கள் கொல்லப்படும் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் கிளம்புகின்றன. ஆப்பிரிக்காவின் பழைய ரகசியச் சடங்குகளின் எச்சம் இது என்பது ஒன்று. 1952ல் எழுத்தாளர் வோலே சோயிங்கா போட்ட விதை என்பது மற்றொன்று. கூடவே, தடைச் சட்டமும் மாணவர் நீக்கமும் போதும் என்ற நம்பிக்கை. மூன்றும் உண்மையான குற்றவாளிகளைத் தப்பவிடுகின்றன.

முதல் விளக்கம் நிற்கவே நிற்காது. யொரூபா மக்களின் ஓக்போனி, மூத்தோர் அவை. ஆண்களோடு பெண்களும் இருந்த அந்த அவை அரசனின் அதிகாரத்தைக் கட்டுக்குள் வைத்தது. கிராஸ் நதிப் பகுதியின் எக்பே, சட்டம் காத்தது; கடன் வசூலித்தது. இரண்டிலும் ரகசியம் உண்டு, ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. மாணவர் விடுதிக்குள் இருட்டில் புகுந்து கொல்வதற்கு இவற்றில் எங்கே முன்மாதிரி?

இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோயிங்காவும் ஆறு நண்பர்களும் பைரேட்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். வசதியான மாணவர்களின் வெள்ளைக்காரப் பாவனையையும் இனப் பாகுபாட்டையும் எதிர்ப்பது நோக்கம். 1972ல் அதிலிருந்து பிரிந்தவர்கள் புக்கனியர்ஸ் ஆனார்கள். பிறகு பிளாக் ஆக்ஸ், வைக்கிங்ஸ் என்று போட்டிக் குழுக்கள் பெருகின. ரகசியமும் சடங்கும் சேர்ந்த ஓர் அச்சை வார்த்துக் கொடுத்த பொறுப்பு அந்த எழுவருக்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பைரேட்ஸ் 1984ல் வளாகங்களை விட்டே விலகிவிட்டது. கொலைகள் மலிந்தது அதன் பிறகுதான். இடையில் மாறியது என்ன?

ராணுவ ஆட்சி மாணவர்களுக்கு அஞ்சத் தொடங்கியது. 1978ல் சாப்பாட்டுக் கட்டண உயர்வை எதிர்த்து, கல்வி அமைச்சரைக் குறித்து 'அலி போகவேண்டும்' என்று கிளம்பிய போராட்டம் தொடங்கி, 1989ல் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு எதிராக எழுந்த கலவரம் வரை, ஜெனரல்களைத் தெருவில் எதிர்த்து நின்றவை மாணவர் சங்கங்கள். 1989ல் வந்த 47ஆம் ஆணை, சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம் என்றாக்கியது. சங்கங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தையும் ஆட்சிக்குத் தந்தது. சங்கங்கள் நலிந்த இடத்தில் கும்பல்கள் தழைத்தன. ராணுவ ஆட்சியாளர்களும் சில பல்கலைக்கழக நிர்வாகங்களும் சங்கங்களுக்கு எதிராக அவற்றைப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்று முதல் இன்றுவரை ஓயவில்லை.

இலே-இஃபேயில் நடந்ததைப் பாருங்கள். 1999 மார்ச்சில் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக மாணவர்களே பிளாக் ஆக்ஸ் கும்பலைச் சேர்ந்த ஒன்பது பேரை ஆயுதங்களோடு பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை; பிடிபட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஜூலை 10 அதிகாலை முகமூடிக் கும்பல் அவோலோவோ விடுதிக்குள் நுழைந்தது. ஐந்து மாணவர்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மாணவர் சங்கப் பொதுச் செயலாளர். சங்கத் தலைவரையும் தேடினார்கள், அவர் தப்பினார். இரண்டு கும்பல்களின் சண்டை என்று இதை யாரும் சொல்ல முடியாது. கும்பலைப் பிடித்துக் கொடுத்த சங்கத்தைக் குறிவைத்த தாக்குதல் இது. நிர்வாகம் கண்டும் காணாமல் இருந்தது என்று மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள், துணைவேந்தர் பதவியிழந்தார்.

அடுத்து, தடை. இஃபே படுகொலைக்குப் பிறகு அதிபர் ஒபசாஞ்சோ, மூன்று மாதத்துக்குள் கும்பல்களை ஒழிக்கும்படி எல்லாத் துணைவேந்தர்களுக்கும் கெடு வைத்தார். கெடு முடிந்தது, கொலைகள் முடியவில்லை. வளாகத்துக்கு வெளியே கும்பல்களுக்கு வேலை காத்திருந்ததே காரணம். ரிவர்ஸ் மாநிலத்தில் 2003 தேர்தலின்போது அரசியல்வாதிகள் கும்பல்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து, வாக்காளர்களை மிரட்டவும் எதிராளிகளை அடக்கவும் ஏவினார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆவணப்படுத்தியது. தேர்தல் முடிந்ததும் துப்பாக்கிகள் இளைஞர்கள் கையிலேயே தங்கின. அடுத்த ஆண்டே மாநிலத் தலைநகர் போர்ட் ஹார்கோர்ட்டின் தெருக்களில் வெடித்தன. இருபது வயதுப் பையனைக் கல்லூரியிலிருந்து நீக்கும் துணைவேந்தரால் அவனுக்குக் கூலி கொடுத்தவரைத் தொட முடியாது. அந்தக் கூலியின் கணக்கைக் கேட்க வேண்டியது காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும். சாட்சி சொல்லும் மாணவருக்கு உயிர்ப் பாதுகாப்பு, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத மாணவர் சங்கம், ஆயுதம் வாங்கிக் கொடுத்த அரசியல்வாதி மீது வழக்கு: இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் போடும் எந்தத் தடையும் இஃபேயில் செத்த அந்த ஐவரைக் காப்பாற்றியிருக்காது.