சுருக்கம் படித்தால் போதுமா?

"கையில் போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் பரவாயில்லை. இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர்களே கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சில காரணங்களும் சொல்கிறார்கள்.

தேடினால் எல்லாத் தகவலும் கிடைக்கிறது என்பது முதல் காரணம். கிடைக்கத்தான் செய்கிறது. ரயில் நேரத்துக்கும் பட்டா மாற்றும் வழிமுறைக்கும் யாரும் புத்தகக் கடைக்குப் போக வேண்டாம். ஆனால் என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்தான் தேட முடியும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படிக்க எடுப்பவர், அந்தக் காலத்து மடத்தில் தமிழ்ப்பாடம் எப்படி நடந்தது என்று அறிய ஆசைப்பட்டு எடுப்பதில்லை. பாதிப் புத்தகம் தாண்டிய பிறகுதான் அப்படியொரு கேள்வியே அவருக்குள் எழும்.

அடுத்து, சுருக்கம். ஐந்து நிமிட வீடியோவில் நாவலின் கதை வந்துவிடுகிறது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பத்து வரியில் தந்துவிடுகிறது, பிறகு எதற்கு முந்நூறு பக்கம் என்கிறார்கள். சரி, நானே ஒன்றைச் சுருக்குகிறேன். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1977இல் வந்த நாவல். ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் கொந்தளிப்பான காலத்தில், செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன் கலவரத்துக்கு நடுவே ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுச் சிறுபெண் தன் உடையைக் களைகிறாள். அவன் கூசிக் குறுகி ஓடுகிறான்.

முடிவு வரை சொல்லிவிட்டேன். படிக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று? செய்தித்தாளில் ஒரு கொடுமையைப் படித்த அளவுக்கு ஒரு 'அடடா' எழுந்திருக்கும். நாவலிலோ அந்தப் பக்கம் வருமுன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டோடு மல்லுக்கட்டுகிறான், கல்லூரிக்குப் போகிறான், அக்கம்பக்கத்தாரிடம் சங்கடப்படுகிறான். சில இடங்களில் நமக்கே அலுக்கும். அந்த அலுப்பினூடே அவன் நம் வீட்டுப் பையனாகிவிடுகிறான். அதனால் அந்த வாசலை அவனோடு நாமும் தாண்டுகிறோம், அவனுடைய வெட்கம் நம்மேலும் படிகிறது. சுருக்குகிறவர் முதலில் வெட்டியெறிவது மாட்டையும் கிரிக்கெட்டையும்தான். நானும் அதைத்தான் வெட்டினேன்.

நேரமில்லை என்கிறவர்கள் போனின் செட்டிங்ஸில் திரை நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். வேலைக்கும் போய், வந்து அடுப்படியும் பார்க்கும் பெண்களிடம் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் யாரும் புத்தகம் எதற்கு என்று கேட்கவுமில்லை.

திரையில் படித்தாலென்ன, காகிதத்தில் படித்தாலென்ன என்ற வாதத்தில் மட்டும் பாதி நியாயம் உண்டு. காகித வாசனை என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். 54 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 1.7 லட்சம் பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, தகவல் சார்ந்த பாடங்கள் காகிதத்தில்தான் நன்றாகப் புரிகின்றன என்றது. கதைகளில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னது. ஆகவே நாவலைக் கிண்டிலில் தாராளமாகப் படிக்கலாம். போனில் படிப்பது வேறு கதை. கொலை நடக்கும் பக்கத்தில் குடும்பக் குழுவின் காலை வணக்கம் வந்து விழும்.

ஆனால் மின்நூல் நம் பொருளா என்று கேட்டால் தயக்கம் வருகிறது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பதிப்புரிமை இல்லாதவர் விற்ற பிரதி என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் படித்துக்கொண்டே குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவருக்கு, புத்தகம் போனதும் குறிப்புகளும் உதவாமல் போயின; அவர் வழக்குத் தொடர்ந்தார். கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவலுக்கா இது நடக்க வேண்டும்!

காகிதம் அழியாதது என்றும் நான் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்துவிட்டார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டம் இன்று ஈழத்து எழுத்துகளைக் காத்து வைத்திருக்கிறது. கணினியோடு எனக்குச் சண்டை இல்லை. படிக்காமலே படித்ததாக நினைத்துக்கொள்வதோடுதான் சண்டை.

கடைசியாக விலை. புத்தகங்கள் விலையேறிவிட்டது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வாடகை வீட்டுக்காரரும் வாடகைக்குள்ளேயே அதைக் கட்டிவிடுகிறார். கொடுத்த காசுக்குக் கிளை நூலகத்தில் பெயர் பதிந்து ஒரு நாவலை எடுத்துவரலாம். அங்கே புது வரவே இல்லை என்று குறைபட்டால், அது நியாயமான குறை. அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.