எது பெஸ்ட் வண்டி? ஒரு ட்ரம்ப் கார்டு சண்டை

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வகுப்பில் ட்ரம்ப் கார்டு ஓடுவது எல்லோருக்கும் தெரியும். (சார்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்கள்!) போன வாரம் ஆட்டம் நின்று சண்டை ஆரம்பமாகிவிட்டது. ரேஞ்ச் ரோவரா, டொயோட்டா லேண்ட் குரூசரா, மெர்சிடிஸ் ஜி வேகனா, எது பெஸ்ட்? மூன்றும் கோடிக்கணக்கில் விலை. எங்களில் ஒருத்தன்கூட எதிலும் ஏறினது கிடையாது. ஆனா சண்டை மட்டும் சொந்தக்காரங்க மாதிரி! கத்தினால் யார் காதிலும் விழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரேஞ்ச் ரோவர் 1970ல் இங்கிலாந்தில் வந்தது. வயலிலும் போகணும், அதே வண்டி டவுனுக்கும் போகணும், அதுதான் ஐடியா. இப்ப சொகுசுக்குப் பேர்போன வண்டி, அப்போது உள்ளே சேறு ஆனால் ஹோஸ் பைப் வைத்தே கழுவிவிடலாமாம்! 2012 மாடலில் பாடியை முழுக்க அலுமினியத்தில் செய்து, 420 கிலோ வரை எடையைக் குறைத்தார்கள். 2021 மாடலில் பின்சக்கரமும் திரும்பும். அவ்வளவு பெரிய வண்டி 11 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடுகிறது. 90 செ.மீ. ஆழத் தண்ணீரிலும் இறங்கும். 2008ல் டாடா வாங்கியதால் நம்ம நாட்டுக் கம்பெனி என்று ஒரு பெருமை வேற. 2024 முதல் புனேயில் அசெம்பிள் ஆகிறது.

குறை? எல்லாமே எலெக்ட்ரானிக்ஸ். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. நடுக்காட்டில் அது மக்கர் பண்ணினால் ஸ்பேனரோடு வரும் மெக்கானிக் அண்ணனால் ஒன்றும் செய்ய முடியாது. லண்டனில் திருடர்களுக்கும் இதுதான் பிடித்த வண்டியாகி, 2023ல் பலருக்கு இன்சூரன்ஸ் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

லேண்ட் குரூசர்தான் என் கட்சி, மறைக்கவில்லை. இதன் கதை 1951ல் தொடங்குகிறது. ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல்தான் பாடி உட்காரும். லாரி கட்டுகிற முறை. கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது வருகிற முறுக்கையெல்லாம் அந்தச் சட்டம் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் உள்காட்டிலும், ஆப்பிரிக்காவில் ஐ.நா. ஆட்கள் போகிற இடங்களிலும் இந்த வண்டியைப் பார்க்கலாம். வழியில் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து என்கிற ஊர்களில் ஜனங்கள் நம்பி ஏறுகிற வண்டி. இதைவிட வேற சர்டிபிகேட் வேண்டுமா? ஆனால் நியாயமாகச் சொன்னால், அதே ஏணிச் சட்டத்தால்தான் வளைவில் வண்டி சாயும், தார் ரோட்டில் ரேஞ்ச் ரோவர் அளவு மெத்தென்று போகாது. கிடைப்பதும் லேசில்லை. புது மாடலுக்கு நாலு வருஷம்வரை காத்திருக்க வேண்டிவரலாம் என்று 2022 ஜனவரியில் ஜப்பானில் கம்பெனியே சொல்லிவிட்டது. அதற்குள் நாங்க பிளஸ் டூவே முடிச்சிடுவோம்!

ஜி வேகன் 1979லிருந்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாராகிறது. மூன்று டிஃபரென்ஷியல் லாக் இருப்பதால் ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிடி கிடைத்தாலும் ஏறிவிடும். ஆனால் திரும்ப 13 மீட்டருக்கு மேல் வேண்டும். பெட்டி ஷேப் வேற, காற்றைக் கிழித்துப் போகாது, முட்டிக்கொண்டு போகும். ஜி கட்சிக்காரர்கள் கோபப்படக் கூடாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் ஆட்டத்தில் எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் பெரிய நம்பர்தான் ஜெயிக்கும். எடையிலும் அப்படித்தான், உயரத்திலும் அப்படித்தான். 2024ல் வந்த எலெக்ட்ரிக் ஜி வேகன் 3,085 கிலோ. அந்த அட்டை வந்தால் எல்லோரையும் தூக்கிவிடும்.

போன மாசம் சாயங்காலம் மணி அடித்ததும் நம் கேட் முன்னால் உயரமான வண்டி ஒன்று கிளம்பியது. அதன் முன்னால் யு.கே.ஜி. பையன் ஒருவன், உருண்டுபோன வாட்டர் பாட்டிலைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் தாத்தா ஓடிப்போய் இழுத்தார். டிரைவர் இறங்கி வந்து, முகம் வெளுத்துப்போய், "எனக்குத் தெரியவே இல்லப்பா" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால் பானெட்தான் தெரியும், அதற்குக் கீழே இருப்பது தெரியாது.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2023ல் ஆராய்ந்து சொன்னது: பானெட் 40 இஞ்சுக்கு மேல் இருக்கும் வண்டி நடந்துபோகிறவர் மேல் மோதினால், 30 இஞ்ச் உயரமுள்ள சரிவான கார் மோதுவதைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். நான் டேப் வைத்து எங்கள் வீட்டுச் சுவரில் 40 இஞ்சில் கோடு போட்டேன். (சாக்பீஸ்தான், அம்மா திட்டவில்லை.) எனக்கு அது நெஞ்சுக்குக் கீழே வருகிறது. எல்.கே.ஜி. படிக்கும் என் தங்கச்சியை நிற்க வைத்தேன். கோடு அவள் தலைக்கு மேலே இருக்கு.

"பெரிய வண்டின்னா உள்ளே இருக்கிறவனுக்கு சேஃப்டிதானே?" என்று என் நண்பன் கேட்டான். உண்மைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறோம்? நாம் சைக்கிள் பார்ட்டி. பாரிஸில் 2024 பிப்ரவரியில் ஓட்டெடுப்பே நடத்தி, வெளியூர் கனரக கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. (ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை, அது வேற விஷயம்.)

பாலைவனத்தில் என்றால் என் ஓட்டு இப்பவும் லேண்ட் குரூசருக்குத்தான். நம்ம பள்ளிக்கூட கேட் முன்னால் என்றால் மூன்றுக்குமே கிடையாது. பானெட் உயரத்துக்கும் ஒரு கட்டம் வைத்து, அதில் மட்டும் சின்ன நம்பர் ஜெயிக்கிற மாதிரி புது அட்டை வரைய ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஏழு முடிந்தது. கலர் பென்சில் இருப்பவர்கள் நாளை மதியம் வரவும்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு