குன்னூர் மண் தஞ்சாவூர் போய்ச் சேருமா?

நல்ல மழை நாளில் மேட்டுப்பாளையத்துப் பாலத்தில் நின்று பாருங்கள். பவானி செம்மண் நிறத்தில் ஓடும். குன்னூர் தேயிலைச் சரிவுகளில் கரைந்த மண்ணும் அதில் உண்டு. அது எங்கே போகிறது?

போகவேண்டிய இடம் காவிரி டெல்டா. அங்கே தரைக்கு அடியில் இருப்பது சாதாரணப் பள்ளம் இல்லை. நீலகிரியின் அடிப்பாறையான சார்னோகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதுபோன்ற பழம்பாறைதான் டெல்டாவுக்கு அடியிலும் கிடக்கிறது. ஆனால் லேசில் எட்டாது. சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் வண்டல் மூடியிருக்கிறது.

காரணம் ஒரு பாகப்பிரிவினை. இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிய்ந்துகொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்துப் புவி ஓடு இழுபட்டு மெலிந்து, வடகிழக்கு-தென்மேற்காக விரிசல்கள் விழுந்தன. சில பாறைத் துண்டுகள் அப்படியே கீழே இறங்கின; சில மேடாக நின்றுவிட்டன. கும்பகோணத்துக்கு அடியில் அப்படி ஒரு மேடு இன்றும் புதைந்திருக்கிறது.

இறங்கிய இடங்களில் அன்றைய ஆறுகள் (காவிரி அப்போது கிடையாது) மணலையும் களிமண்ணையும் கொட்டின. கொட்டிய எடையிலேயே பள்ளம் இன்னும் தாழ்ந்தது; தாழத் தாழ மேலும் இடம் கிடைத்தது. கடலும் உள்ளே வந்தது. அரியலூர் அருகே காரையில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களும், அந்தப் பகுதி சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லும், நாகை பக்கம் நரிமணத்து எண்ணெயும் அந்த நிரப்பலில் வந்தவைதான்.

டெல்டா மண் தன் எடையால் இறுகித் தாழும் இயல்புடையது. புது வண்டல் வந்தால்தான் ஈடாகும். இப்போது வண்டலில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடுகிறது: காவிரியில் 1934-இல் வந்த மேட்டூர் அணை, பவானியில் 1955-இல் வந்த பவானிசாகர். குன்னூர் மண் பெரும்பாலும் பவானிசாகரைத் தாண்டுவதில்லை. டெல்டாவுக்கும் உதவாமல், அணையில் தண்ணீர் நிற்கும் இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. கீழ்பவானி வாய்க்காலை நம்பும் ஈரோட்டு விவசாயிக்கும் இது நஷ்டம்தான்.

2009 நவம்பர் நிலச்சரிவில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சரிவை வெட்டுவதை மலை மாவட்டத்தின் உள்விவகாரமாகவே பேசுகிறோம். அது தவறு. மேலே ஒரு கட்டடத்துக்கு அனுமதி தரும்போது, கீழே அணைக்கு எவ்வளவு மண் போகும் என்ற கணக்கையும் அதே விண்ணப்பத்தில் கேட்க வேண்டும்.